ஒரு வரி கீழே

ஓட்டர் பாயிண்ட், மிச்சிகன்
9 செப்டம்பர் 1984

பெறுநர்: ரெய்னோ நீமெலா, எஞ்சின் பகுதி, ‘ஹேரல்ட் கிரேக்’ தாதுக்கப்பல், டிட்ராய்ட் தபால் படகு வழியாக

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். உங்கள் தோள்வலி இப்போது எப்படி? அம்மா கொடுத்தனுப்பிய களிம்பைத் தடவுகிறீர்களா, இல்லை பெட்டியிலேயே கிடக்கிறதா?

ஒரு விஷயத்தை உங்களிடம் மறைத்தேன். ஜூனில் வேதியியலில் எனக்கு ‘சி’ வந்தது. நீங்கள் கரைக்கு வந்த இரண்டு நாளும் சொல்ல வாய் வரவில்லை. தேர்வன்று எனக்குக் காய்ச்சல், கடைசிக் கணக்கைப் பாதியில் விட்டேன். அதனால் ‘சி’தான் நமக்கு விதித்தது என்று இருந்துவிட்டேன். மருந்தியல் படிப்பு ஆசையையும் கோடை முழுக்க மனசுக்குள் மடித்து வைத்துவிட்டேன்.

போன செவ்வாய் வேதியியல் ஆசிரியர் ட்ரஸ்காட் சாரைத் தபால் நிலையத்தில் பார்த்தேன். “என்னம்மா, மருந்தியலுக்கு எழுதிப் போட்டாச்சா? போன வருஷம் நான் போட்ட ஒரே ‘ஏ’ உனக்குத்தானே!” என்றார். அங்கேயே அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய் எனக்குத் தபால்தலை வாங்கிக் கொடுத்தார்.

அம்மாவிடம் சொன்னேன். அடுப்பைப் பார்த்தபடியே, “வாத்தியார் குடுத்த தாள்ல என்ன இருந்துச்சோ, அதைத்தான் மார்க் கார்டுல ஏத்தினேன்” என்றார். சரிபார்க்கச் சொல்லி விண்ணப்பம் கொடுக்கப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அம்மா பள்ளி அலுவலகத்திலேயே வேலை பார்ப்பதால், “நான் போட்டா ஊரு பேசும், அப்பாகிட்ட அனுப்பு” என்கிறார். படிவம் உள்ளே இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு டிசம்பர் முதல் தேதிக்குள் மதிப்பெண் பட்டியல் போயாக வேண்டும்.

உங்கள் அன்பு மகள்,
சோன்யா

டலூத் துறைமுகம்
24 செப்டம்பர் 1984

அன்பு மகள் சோன்யாவுக்கு,

நலம், உங்கள் இருவர் நலமும் அதுவே என்று நம்புகிறேன். தோளுக்கு ஒன்றுமில்லை. களிம்பு நாற்றத்துக்குப் பக்கத்துக் கட்டில்காரன் அறையை மாற்றிக்கொண்டான். இப்போது அறை முழுக்க எனக்குத்தான்.

உன் கடிதம் டிட்ராய்ட் ஆற்றில் கிடைத்தது. தபால் படகு ஒட்டி வந்ததும் கயிற்றில் வாளியை இறக்கினோம். மொத்தக் கப்பலுக்கும் நான்கு கடிதங்கள்தான். அதில் ஒன்று எனக்கு என்றதும் எல்லோரும் முறைத்தார்கள்.

‘சி’ வாங்கினால் அப்பா அடிப்பானா? நான் எட்டாவதோடு நின்றவன், எனக்கு ‘சி’யே பெரிது. மறைத்ததுதான் தப்பு. இனி நம் வீட்டில் யாரும் எதையும் மறைக்க வேண்டாம்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். உன் அம்மா பதினேழு வருஷமாக அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கையில் தப்பு வந்ததில்லை. ட்ரஸ்காட் நல்ல மனுஷன், ஆனால் வகுப்புக்குச் செருப்பை மாற்றிப் போட்டு வருபவர். அங்கேதான் ஏதோ குளறுபடி.

இங்கே சமையல்காரர் இறங்கிவிட்டார், பதிலுக்கு ஆள் போடவில்லை. முறை வைத்துச் சமைக்கிறோம். மற்றபடி விசேஷமில்லை.

அப்பா

ஓட்டர் பாயிண்ட்
8 அக்டோபர் 1984

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்தானே? ஏரியில் இந்த வாரம் காற்று பலம் என்று வானொலியில் சொன்னார்கள். இங்கே முதல் உறைபனி விழுந்துவிட்டது. கேரட் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டேன்.

விண்ணப்பத்தை முதல்வர் ஹேகர்ட்டியிடம் கொடுத்தேன். ட்ரஸ்காட் சார் தன் நோட்டோடு கூட வந்தார். அதில் என் பெயருக்கு நேரே ‘ஏ’ இருக்கிறது. முதல்வர் அதைத் தொடக்கூட இல்லை.

“இங்க பாரும்மா, சொந்த நோட்டுல யாரு எப்ப வேணா எழுதலாம். ஜூன்ல ஆபீசுக்குக் குடுத்தாரே, அந்தத் தாள்தான் எனக்குக் கணக்கு.”

“அப்ப நான் பொய் சொல்றேங்கிறீங்களா?” என்றார் ட்ரஸ்காட் சார். கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது.

“ஐயய்யோ, நான் அப்படிச் சொல்லல. இவ அம்மா எல்மா அந்தத் தாளை எடுத்துக் குடுக்கட்டும், அஞ்சு நிமிஷ வேலை.”

ஒரு வாரமாகிறது, அந்தத் தாள் இன்னும் கிடைக்கவில்லை. அம்மாவிடம் கேட்டால், “தேடிட்டுத்தானே இருக்கேன், பறக்காத” என்கிறார். அதற்குமேல் கேட்கப் பயமாக இருக்கிறது.

கண்ணாடி சரியில்லை என்று செய்தித்தாளை என்னையே படிக்கச் சொல்கிறார். உங்கள் கடிதங்களையும் நான்தான் படித்துக் காட்டுகிறேன். களிம்பு விஷயத்துக்கு நன்றாகச் சிரித்தார்.

சோன்யா

ஏரி மிச்சிகன் மேல்
20 அக்டோபர் 1984

அன்பு மகளுக்கு,

நலம். மூன்று நாள் அலை. தட்டில் போட்ட உருளைக்கிழங்கு மடியில்தான் நின்றது.

பதினேழு வருஷத் தாள்கள், ஒன்று உடனே அகப்படாதுதான். அம்மாவை நச்சரிக்காதே. ஆனால் ஒன்று கேட்கிறேன். அவள் எனக்குக் கடைசியாக எழுதியது மே மாதத்தில். என்மேல் ஏதாவது கோபமா? கரையில் இருந்தபோது ஏதாவது சொல்லிவிட்டேனா? நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல் கேட்டு எழுது. கண்ணாடியை மாற்றச் சொல். தள்ளிப்போடுவதில் அவள் கெட்டிக்காரி.

அப்பா

ஓட்டர் பாயிண்ட்
2 நவம்பர் 1984

அன்புள்ள அப்பாவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு உங்கள்மேல் கோபமில்லை. கேட்டேன். “அவர்மேல எனக்கென்ன கோபம்?” என்றார்.

தாளைப் பார்த்துவிட்டேன். வியாழக்கிழமை அம்மா முதல்வர் அறையில் இருந்தபோது நானே அலமாரியைத் திறந்தேன். ‘வேதியியல், ஜூன் 84’ என்று சீட்டு ஒட்டி, இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. எடுக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

என் பெயருக்கு நேரே ‘ஏ’. எனக்குக் கீழே பிரையன் நோர்டீன், அவனுக்கு ‘எஃப்’. ஆனால் ஜூனில் அவன் ‘ஏ’ வாங்கியதாக ஊரெல்லாம் சொன்னான், ஃபெயிலானவர்களைச் சேர்க்காத ஹாக்கி அணியிலும் இருக்கிறான். அவனுக்குக் கீழே டேல் பெல்டொனென், அவனுக்கு ‘சி’. டேலை உங்களுக்குத் தெரியும், ஆலைக்கு மரம் வெட்டும் ஆர்வோவின் மகன். ஃபெயில் என்று வீட்டிலேயே அவனை ஜூனில் பள்ளியை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். முதல்வரிடம் சொல்லவில்லை. ஏன் என்று இப்போது கேட்காதீர்கள். மருந்தியல் இல்லாவிட்டாலும் உலகத்தில் வேறு படிப்புகள் இருக்கின்றன.

சோன்யா

டலூத்
11 நவம்பர் 1984

சோன்யாவுக்கு,

நான் நலம். உன் கடிதத்தைப் படித்ததும் கரைக்கு இறங்கினேன். துறைமுகத் தொலைபேசியிலிருந்து வீட்டுக்குக் கூப்பிட்டேன். அம்மா எடுத்தாள். “எல்லாம் சௌக்கியம், அடுப்புல ரொட்டி இருக்கு” என்று வைத்துவிட்டாள்.

இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? நோர்டீன் கல்விக்குழுவில் இருக்கிறான். அவன் மகனுக்கு ‘ஏ’ வேண்டும், உன்னுடையதைப் பிடுங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஹேகர்ட்டிக்கு இதில் பங்கில்லாமல் இருக்காது. உன்னை யாராவது மிரட்டினார்களா?

அந்தத் தாளை நாளைக்கே எடுத்துக் கொடு. நோர்டீனுக்கு நாம் ஏன் பயப்பட வேண்டும்? மூன்று பிள்ளைகளின் தலையெழுத்தை மாற்றி எழுதிய கை யாருடையதாக இருந்தாலும், அந்த ஆள் அந்த அலுவலகத்தில் இன்னும் ஒரு நாள்கூட உட்காரக் கூடாது. இதை நான் சொன்னதாகவே சொல்.

அப்பா

ஓட்டர் பாயிண்ட்
20 நவம்பர் 1984

ரெய்னோ,

உங்கள் உடம்பு எப்படி? என் எழுத்து கோணலாகப் போகும், வரிமேல் வரி ஏறும். பொறுத்துக்கொள்ளுங்கள். சோன்யா எழுதித் தருவதாகச் சொன்னாள். இதை நானேதான் எழுத வேண்டும்.

ஏப்ரலில் நீங்கள் கப்பலேறிய பிறகு பெரிய ஊர்க் கண் டாக்டரிடம் போனேன். நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது, திரும்பாது என்றார். உங்கள் முகத்தைப் பார்த்தால் காதுகள் தெரியும், நடுவில் புகை. ஓரங்கள் நன்றாகத் தெரிகின்றன. கண்ணாடி மாற்றிப் பயனில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. லென்ஸும் அடிக்கோலும் வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். கிரேடு ஏற்றும்போது அடிக்கோலைப் பெயருக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்குவேன். கார்டுகளும் அதே வரிசையில் இருக்கும், பெயரைத் திரும்பப் பார்ப்பதில்லை. ஜூனில் அந்தத் தாளை ஏற்றும்போது தொலைபேசி அடித்தது. எடுத்துப் பேசிவிட்டு வந்து, அடிக்கோலை ஒரு வரி மேலே வைத்துவிட்டேன். நம் பிள்ளைக்கு, அவளுக்கு மேல் வரியில் இருந்த நான்கெர்விஸ் பையனின் ‘சி’ போனது. அவளுடைய ‘ஏ’ பிரையனுக்கு, பிரையனுடைய ‘எஃப்’ டேலுக்கு. டேலோடு தாளின் அந்தப் பக்கம் முடிந்தது. இல்லாவிட்டால் இன்னும் எத்தனை பேரோ.

தாளைத் தேடுகிறேன் என்று சோன்யாவிடம் சொன்னது பொய். அவள் கேட்ட மறுநாளே எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டேன். ஏழு வாரம் அது எனக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தட்டச்சு செய்தேன். இந்த வேலை போனால் எனக்கு வேறு வேலை இல்லை என்பதுதான் தலையில் ஓடியது. பெற்ற பிள்ளை என்பது அப்புறம்தான் வந்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

அவள் அலமாரியைத் திறந்ததையும் பார்த்தேன். முதல்வர் பேசிக்கொண்டிருக்கும்போது கதவுக் கண்ணாடியில் ஓரக்கண்ணில் அவள் சிவப்புக் கோட்டு. இன்றைக்குச் சொல்வாள், நாளைக்குச் சொல்வாள் என்று பார்த்தேன். அவள் தேநீர் போட்டுக் கொடுத்தாள், செய்தித்தாள் படித்தாள். உங்கள் கடைசிக் கடிதத்தைப் படித்தபோது ஒரு இடத்தைத் தாண்டினாள். தாண்டும்போது அவள் குரல் கம்மும், எனக்குத் தெரியாதா? அவள் தூங்கப் போனதும் விளக்கடியில் லென்ஸ் வைத்து அந்த இடத்தை எழுத்தெழுத்தாகப் படித்தேன். நீங்கள் எழுதியது சரிதான்.

நேற்றுக் காலை தாளை ஹேகர்ட்டி மேசையில் வைத்தேன். “என்ன எல்மா, இப்பத்தான் கெடச்சுதா?” என்றார். “இல்ல, காணாமப் போகவே இல்ல” என்றேன்.

டேல் ஜூனில் என் மேசைக்கு வந்தான். கார்டை நீட்டி, “இது என்னோடதுதானேங்க?” என்று கேட்டான். “உன் பேர்தானே போட்டிருக்கு?” என்றேன். சரிங்க என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த ‘சரிங்க’ காதிலேயே நிற்கிறது.

எல்மா

ஓட்டர் பாயிண்ட்
9 டிசம்பர் 1984

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? மூன்று வாரமாக ஒரு வரியும் வரவில்லை. அம்மாவின் கடிதம் கிடைத்ததா என்றாவது எழுதுங்கள். அவர் தினமும் பனியில் தபால்பெட்டி வரை போய்க் கையை உள்ளே விட்டுத் துழாவிவிட்டு வருகிறார்.

என் கிரேடைத் திருத்திவிட்டார்கள். நவம்பர் முப்பதாம் தேதி ட்ரஸ்காட் சாரே தன் காரில் கொண்டுபோய்ப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

அம்மாவை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். திரும்பக் கூப்பிடுவதாகச் சொன்னார்கள், கூப்பிடமாட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அவர் ஏற்றிய எல்லாக் கார்டுகளையும் இரண்டு பேர் உட்கார்ந்து சரிபார்க்கிறார்கள். பழைய வருஷங்களில் ஒரு தப்புகூட அகப்படவில்லை. அதைக் கேட்டபோதுதான் அம்மா அழுதார். பிரையனை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். கடையில் என் காதுபட, “குருட்டுப் பொம்பளையை உக்கார வச்சா இப்படித்தான்” என்று ஒருவர் சொன்னார். அவர் வீட்டுப் பிள்ளைகளின் கார்டையும் அம்மாதான் எழுதினார்.

போன ஞாயிறு டேல் வீட்டுக்குப் போனோம். முதல்வர் கடிதம் அனுப்புவதாகச் சொன்னார், அம்மா நேரில்தான் சொல்வேன் என்றார். நான் வண்டி ஓட்டினேன். டேல் முற்றத்தில் ரம்பச் சங்கிலிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தான். ஆள் பெரியவனாகிவிட்டான். கைவிரலெல்லாம் பிசின்.

அம்மா எல்லாவற்றையும் சொன்னார். அவன் அரத்தைக் கீழே வைக்காமல் கேட்டான்.

“அப்ப நான் பாஸாங்க?”

“பாஸ்தான்பா. ‘சி’. ட்ரஸ்காட் போட்டது ‘சி’தான். நான்தான் மாத்தி ஏத்திட்டேன்.”

“பரவால்லங்க, மிசஸ் நீமெலா.” அரத்தைத் தொடையில் தட்டித் தூளை உதிர்த்தான். “நானும் ஃபெயில்னுதாங்க நெனச்சேன். பரிச்சை எழுதிட்டு வரும்போதே தோணுச்சு. கார்டைப் பாத்ததும், சரி, நாம நெனச்சது சரிதான்னு இருந்துட்டேன்.”

“ஜனவரியில திரும்ப வரலாம்னு முதல்வர் சொல்றாரு. வருவியா?”

அவன் பதில் சொல்வதற்குள் ஆர்வோ வாசலுக்கு வந்தார். இன்னொரு ‘எஃப்’ வந்தால் காட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று மகனிடம் சொல்லிவைத்திருந்தவர் அவர். கோடை முழுக்க நாலு பேர் முன்னால் அவனை மண்டு என்று கூப்பிட்டவரும் அவர்தான். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. “எல்லாம் கேட்டுச்சு. பனி விழுது, கெளம்புங்க” என்றார். காபி குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை, அப்பா. நம் ஊர் ஆட்கள் வீட்டில் காபி கேட்காமல் அனுப்பியது இதுதான் எனக்கு முதல் தடவை.

வழியில் அம்மா, “அவன் ஒரு தடவ திட்டியிருக்கலாம்” என்றார்.

எழுதுங்கள் அப்பா. திட்டியாவது எழுதுங்கள்.

சோன்யா

டொலிடோ துறைமுகம்
19 டிசம்பர் 1984

சோன்யா, இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டு. எந்த இடத்தையும் தாண்டாதே.

எல்மா,

உன் கடிதம் நவம்பர் கடைசியில் கிடைத்தது. கோபத்தில் பதில் போடாமல் இருக்கவில்லை. எழுதினால் நானும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. அதனால்தான் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

இந்தக் கப்பலை உடைக்கப் போகிறார்கள். எஃகு ஆலைகள் வரிசையாக மூடுகின்றன, தாது கேட்பாரில்லை. ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டார்கள். சமையல்காரர் மட்டுமல்ல, பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். பக்கத்துக் கட்டில்காரன் களிம்பு நாற்றத்துக்காகப் போகவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான். நேற்று கொதிகலனை அணைத்தோம். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தச் சத்தமில்லாமல் இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன். காது வலிக்கிறது.

யாரும் எதையும் மறைக்க வேண்டாம் என்று செப்டம்பரில் பிள்ளைக்கு எழுதினேனே, அப்போது கப்பலை உடைப்பதாகக் கம்பெனி கொடுத்த கடுதாசி என் சட்டைப் பையில்தான் இருந்தது. அந்த ஆள் ஒரு நாள்கூட உட்காரக் கூடாது என்று எழுதினேன். நீ என்று தெரிந்திருந்தால் எழுதியிருப்பேனா? எழுதியிருக்க மாட்டேன். அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டரிடம் நீ தனியாகப் போனாய் என்பதுதான் மனசை அறுக்கிறது. திரும்பி வரும் வழியில் வண்டியை எப்படி ஓட்டினாய்?

சனிக்கிழமைப் பேருந்தில் வருகிறேன். நிறுத்தத்துக்கு வர வேண்டாம், பாதை வழுக்கும்.

ரெய்னோ

தெற்குக் கிளைச் சாலை, ஓட்டர் பாயிண்ட்
14 ஏப்ரல் 1985

சோன்யாவுக்கு,

டேல் எழுதுவது. நலம். உன் மூன்று கடிதங்களும் கிடைத்தன. கடிதம் எழுதிப் பழக்கமில்லை, அதனால் தாமதம். உன் அம்மாவுக்கு இப்போது எவ்வளவு தெரிகிறது? மார்ச்சில் அவரைக் கடைத் தெருவில் உன் அப்பா கைபிடித்து அழைத்துப் போவதைப் பார்த்தேன். வணக்கம் சொன்னேன். குரலை வைத்து, “டேலா?” என்று கேட்டார். ஆமாங்க என்றேன்.

உனக்கு இடம் கிடைத்த செய்தியைக் கடையில் சொன்னார்கள். நல்லது. என்னை நினைத்துப் போகாமல் இருந்துவிடாதே. உன் கடிதங்களில் அந்த வாசனை அடிக்கிறது. நீ போகாவிட்டால் எனக்கு என்ன திரும்பக் கிடைத்துவிடும்?

ஜனவரியில்தான் பள்ளிக்கு வரவில்லை, மாலையில் வந்து பாடம் சொல்லித் தருகிறேன், தனித்தேர்வாவது எழுது என்று சொல்கிறாய். இரண்டு இரவு யோசித்தேன். புத்தகத்தைத் திறந்தால், முதல் வரியிலேயே, உன்னால் முடியாது என்று உள்ளே ஒருவன் சொல்கிறான். அவன் சொல்வது தப்பு என்று எனக்குத் தெரியும். உன் அம்மா வீடு தேடி வந்து சொன்னாரே. ஆனாலும் அவன் நிறுத்துவதில்லை. அதனால் இப்போதைக்கு வேண்டாம். மரம் வெட்டத் தெரிந்துவிட்டது, நன்றாகவே வெட்டுகிறேன்.

அப்பா என்னிடம் அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பள்ளியிலிருந்து திருத்தி அனுப்பினார்களே ஒரு கார்டு, அதை லாரியில் தன் முகத்துக்கு மேலே இருக்கும் வெயில் மறைப்பில் செருகி வைத்திருக்கிறார். ஆலை வாசலில் எடை போடக் காத்திருக்கும்போது அதை எடுத்து மற்ற ஓட்டுநர்களிடம் காட்டுகிறார். “பாரு, எம்பையன் பாஸு” என்கிறார். வெறும் ‘சி’தான் சோன்யா, அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அவர்கள் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார்கள். நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறேன்.

டேல்